இருட்டுப் பக்கத்து நட்சத்திரங்கள்

அத்தியாயம் 4

“அண்ணி, பஸ் வந்துடுச்சு.”

“போகட்டும்.”

“இதையும் விட்டா அடுத்தது எப்ப வரும்னு அதை ஓட்டுறவருக்கே தெரியாது.”

“தம்பி, கொஞ்சம் வாயை மூடு.”

ரேடியோ வாயை மூடினான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வமான நிகழ்ச்சி. பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று வருடக்கணக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவன். அந்த வேலையை ஒரு மெஷினுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு, துப்பறியும் தொழில் செய்யும் தன் அண்ணன் மனைவியிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தான். மைக் போனதே தவிர குரல் போகவில்லை. அவன் வாய்க்கு வாய் ‘அண்ணி’ என்று கூப்பிட்டதில், வழக்கு கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம்கூட அவள் அண்ணியாகிவிட்டாள்.

அண்ணி, நிறுத்தத்தில் இருந்த விளம்பரப் பலகையைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே விளக்கு எரியும் ஆளுயரப் படம். செம்பு நிறமும் நீலமுமாகப் புகை போல விரிந்த வான்மேகம், நடுவே வளையம் மாட்டிய பெரிய கோள், சுற்றிலும் நட்சத்திரங்கள். அடியில் ஒரு விளையாட்டுக் கூடத்தின் பெயர்.

வழக்கே இந்தப் படத்தால்தான். புதிதாகக் கட்டிய கோளரங்கத்துக்காக, கம்ப்யூட்டரில் விண்வெளிக் காட்சிகள் வரைந்து தரும் சின்ன ஸ்டுடியோ ஒன்று இருக்கிறது. மூன்றே பேர். மேகங்களை வரைபவர் முதலாளி. கோள்கள் வரைபவனுக்கு வளையம் என்றும், நட்சத்திரங்கள் தூவுகிற பெண்ணுக்குப் புள்ளி என்றும் செல்லப்பெயர். திறப்பு விழாவுக்கு முன் யார் கண்ணிலும் படக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த படத்தின் உடன்பிறப்பு மாதிரி ஒன்று, திடீரென்று பேருந்து நிறுத்தத்தில் வந்து பல்லைக் காட்டியது. கோளரங்கத்தார் கொதித்துப்போய், யார் வேலை என்று விசாரித்தே ஆகவேண்டும் என்றார்கள். விளையாட்டுக் கூடத்தாரோ, படம் தந்தவர் பெயரைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகக் கையை விரித்துவிட்டார்கள். அவர்கள் நெருக்கியதால் முதலாளி அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி தன் மாமியாரின் கண் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்ததால் ரேடியோவை அனுப்பினாள்.

அங்கேதான் எல்லாம் கெட்டது.

“அந்தப் பொண்ணுதான்னு எதை வெச்சுச் சொன்ன?” என்று கேட்டாள் அண்ணி.

ரேடியோ பலகையின் ஒரு மூலையில் விரலை வைத்தான். “இதோ, கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்குது பாருங்க ஒரு நட்சத்திரக் கூட்டம். இது புள்ளியோட பிரஷ், கம்ப்யூட்டர்ல முத்திரை மாதிரி குத்திக்கற அச்சு. பழைய டூத்பிரஷ்ல வெள்ளைப் பெயின்ட்டைத் தொட்டு, கறுப்பு அட்டை மேல சிதறவிட்டு, அதை ஸ்கேன் பண்ணி அவங்களே செஞ்சது. உலகத்துல வேற யார்கிட்டயும் இந்தக் கொக்கி கிடையாது.”

“ஸ்டுடியோவுல மத்த ரெண்டு பேருக்கு?”

“அது... பொது டிரைவ்ல இருக்கும்.”

“அப்ப மூணு பேர்கிட்டயும் இருக்கு. கத்தி யாரோடதுன்னு கண்டுபிடிச்சிருக்க. குத்தினது யாருன்னு கேட்கவே இல்ல.”

உண்மையைச் சொன்னால் ரேடியோவுக்கு அந்த உறுத்தல் முந்தாநாளே ஆரம்பித்துவிட்டது. அன்று ஸ்டுடியோவின் நடுவில் நின்று, தன் பழைய அறிவிப்பாளர் குரலில், “படத்தைத் திருடினவங்க இந்த ரூமுக்குள்ளயேதான் இருக்காங்க!” என்று ஆரம்பித்து, புள்ளியைக் கைகாட்டி முடித்தான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைப் பார்க்கக்கூட இல்லை. முதலாளியை ஒருமுறை பார்த்தாள். முதலாளி திரும்பித் தன் மானிட்டரைப் பார்த்துக்கொண்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேஜைமேல் பச்சை மூடி போட்ட அவளுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் நின்றது.

கெட்டிக்காரத்தனம் தலைக்கேறிய ரேடியோ, இறங்கும்போது மாடிக்கு மாடி நின்று கதையைச் சொன்னான். தையல்கடை, கூரியர் ஆபீஸ், பல் ஆஸ்பத்திரி, ஓர் இடம் பாக்கியில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்தப் பச்சை மூடி பாட்டில் கண்முன் வந்து நின்றது. இன்றுவரை நகரவில்லை.

“இங்க பாரு,” என்று அண்ணி கோளின் மேல் விரல் வைத்தாள். வலது பாதியில் வெயில் பட்டுத் தகதகத்தது. இடது பாதி இருட்டு. அந்த இருட்டுக்குள் பொடிப்பொடியாகச் சில வெள்ளைப் புள்ளிகள். “இது என்ன?”

“நட்சத்திரம்.”

“கோள்னா என்ன, பெரிய பந்து. பந்துக்குப் பின்னாடி இருக்கறது முன்னாடி தெரியுமா?”

“கண்ணாடிப் பந்துன்னா...” என்று ஆரம்பித்த ரேடியோ அண்ணியின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினான்.

“நட்சத்திரம் போடறதையே தொழிலா வெச்சிருக்கற பொண்ணு, கோளுக்குள்ள நட்சத்திரத்தை விட்டுவெப்பாளா?”

பலகையின் வெளிச்சத்தில் ரேடியோவின் முகம் செம்பும் நீலமுமாக இருந்தது.

“இன்னிக்குச் சாயங்காலம் திறப்பு விழா,” என்றான் மெதுவாக. “படம் முடிஞ்சதும் வரைஞ்சவங்க பேர் ஓடும். அவங்க பேரை எடுத்துட்டாங்களாம். இந்தத் தொழில்ல இருக்கற அத்தனை பேரும் அங்க வருவாங்க அண்ணி. பேரு ஏன் இல்லன்னு ஒருத்தர் கேட்டாப் போதும், அதுக்கப்புறம் அவங்களுக்கு யாரும் வேலை தர மாட்டாங்க.”

“அப்ப பேசிக்கிட்டு நிக்காதே. வா.”

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ரேடியோ பேச்சை மாற்றப் பார்த்தான். “அம்மா என்ன சொல்றாங்க?”

“கட்டைப் பிரிச்சதும் முதல்ல என்னைத்தான் பார்த்தாங்க. ‘உனக்கு எப்பம்மா இவ்வளவு நரைச்சுது’ன்னாங்க.”

“நல்ல வேளை. இனிமே நான் தட்டை ரெண்டு தடவை கழுவ வேணாம்.”

“அது என்ன கதை?”

“பாத்திரம் கழுவறதை விடமாட்டேன்னு அடம் பிடிச்சாங்க இல்ல? கழுவின தட்டை வெளிச்சத்துல பிடிச்சு, ‘பளிச்சுனு இருக்கு’ம்பாங்க. பார்த்தா அங்கங்க ஒட்டிக்கிட்டு இருக்கும். சொன்னா மனசு கஷ்டப்படும். அவங்க தூங்கினப்புறம் எல்லாத்தையும் திரும்பக் கழுவி அதே இடத்துல கவுத்துடுவேன்.”

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

*

புள்ளியின் வீட்டுக் கதவைத் திறந்தவள் அவளுடைய அக்கா. கையில் ஈரத் துணி.

“யாரு வேணும்?”

“புள்ளி... இருக்காங்களா?” என்றான் ரேடியோ.

அந்தக் குரலைக் கேட்டதும் அக்காவின் புருவம் ஏறியது. “நீங்கதானா அது? நீங்க பரப்பின கதையைக் கேட்டு மூணாவது தெருவுல இருக்கற என் ஓரகத்தி வரைக்கும் வந்து விசாரிச்சுட்டாங்க. இன்னும் யாருக்காச்சும் சொல்ல விட்டுப்போச்சா? ஜன்னலைத் திறந்துவிடறேன், இங்கேருந்தே கத்துங்க.”

அண்ணி முன்னால் வந்தாள். “அவன் பேச மாட்டான், நான் பொறுப்பு. உங்க தங்கச்சிகிட்ட கொஞ்ச நேரம் பேசணும்.”

புள்ளி உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். விரல் நகங்களின் ஓரத்தில் இன்னும் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

“பஸ் ஸ்டாப் படத்தைப் பார்த்தியாம்மா?” என்றாள் அண்ணி.

“பார்த்தேன்.”

“அந்தக் கோளோட இருட்டுப் பக்கத்தைப் பார்த்தியா?”

மடித்துக்கொண்டிருந்த சட்டை கையிலேயே நின்றது. “கவனிக்கல.”

“மேகம் எப்படி இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா வந்திருக்கு,” என்றாள் புள்ளி. சொன்ன வேகத்தில் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த கணமே அதைச் சட்டையோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டாள்.

ரேடியோவுக்குத் தலைசுற்றியது. தன் தலையில் பழியைக் கட்டிவிட்டுப் போன திருடனின் கைவேலையை இப்படி யாராவது மெச்சுவார்களா? ஏதோ சொந்தக்காரர் பரிசு வாங்கிய மாதிரி?

“நீ பண்ணலன்னா, பண்ணலன்னு ஒரு வார்த்தை சொல்லலாமே,” என்றாள் அண்ணி.

“பண்ணலன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேட்பாங்க மேடம்.”

வாசலில் இருந்து அக்கா எரிந்து விழுந்தாள். “அந்த ஆபீசுக்காக இவ ஓடின ஓட்டம் என்ன! எல்லாரும் வர்றதுக்கு முன்னாடியே போய் நிக்கணும்னு விடியறதுக்குள்ள கிளம்புவா. ஒரு வருஷமா காலைச் சாப்பாடே கிடையாது. அப்படி என்னடி அங்க கூட்டிப் பெருக்கற வேலைன்னு கேட்டா, பதிலே வராது. அந்தப் பெரிய மனுஷன் வாயைத் திறந்து, ‘எங்க ஆபீஸ் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல’ன்னு சொல்லலியே!”

“அக்கா, சும்மா இரு.”

“கூட்டிப் பெருக்கற வேலை,” என்று அண்ணி திருப்பிச் சொன்னாள். “நல்ல வார்த்தை.” எழுந்துவிட்டாள்.

வாசலைத் தாண்டும்போது ரேடியோ நின்றான். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினான். எந்த ஊருக்குப் போகும் வண்டிக்கும் வார்த்தை கிடைத்த வாய்க்கு, இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா கதவைச் சாத்தினாள்.

*

ஸ்டுடியோ ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடி. மானிட்டர்களில் வெளிச்சம் அடிக்கக்கூடாது என்பதற்காக ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். புள்ளியின் மேஜைமேல் பாட்டில் அப்படியே இருந்தது. ரேடியோ அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

வளையம் முப்பது வயதுக்காரன். தாடி, தலையில் ஹெட்போன், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அண்ணி தன் போனில் எடுத்த விளம்பரப் படத்தைக் காட்டியதும் இன்னும் பலமாகச் சிரித்தான்.

“இதை நானும் பார்த்தேன் மேடம். திருடத் தெரிஞ்சவனுக்கு அடுக்கத் தெரியல.”

“புரியற மாதிரி சொல்லுப்பா.”

“நாங்க எல்லாத்தையும் தனித்தனி லேயரா வரைவோம். கண்ணாடித் தாளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கற மாதிரி. அடியில நட்சத்திரம், அதுக்கு மேல மேகம், அதுக்கும் மேல கோள். என் கோளை நான் கறுப்புத் தாள்லதான் வரைவேன். அதை மேல கொண்டு வந்து வெச்சு, கறுப்பு மட்டும் மறையற மாதிரி ஒரு பட்டனைத் தட்டினா, சுத்தி இருக்கற கறுப்பு போயிடும், கோள் மட்டும் நிக்கும். சீக்கிரம் முடியும்.”

“நல்லதுதானே?”

“அங்கதான் வில்லங்கம். கோளோட இருட்டுப் பக்கமும் கறுப்புதானே? அதுவும் சேர்ந்து மறைஞ்சிடும். பின்னாடி இருக்கற நட்சத்திரம் கோளுக்குள்ள எட்டிப் பார்க்கும். அதனால கோளுக்கு அடியில வட்டமா ஒரு மூடி போட்டு, அங்க இருக்கற நட்சத்திரத்தை மறைச்சிடணும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்ல எல்லாரும் பண்ற தப்பு இது.”

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தான். கறுப்புத் தாளில் கோள் வரைபவன் இவன். பட்டனைத் தட்டத் தெரிந்தவன் இவன். ஊரான் வீட்டுத் துக்கத்துக்குச் சிரிக்கிறவனும் இவனே. “அண்ணி,” என்று காதோரம் குனிந்தான், “கையும் களவுமா...”

“உன் கை வாய்ல இருக்கட்டும்,” என்றாள் அண்ணி, திரும்பாமலே. “ஏம்ப்பா, இந்த மேகத்தை வரைஞ்சது முதல் நாள் ஆளு கையா?”

வளையத்தின் சிரிப்பு நின்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “இல்ல. இந்தச் செம்புக்குள்ள நீலம் இறங்கற இடம்... இதுக்கு வருஷக்கணக்கா கை பழகணும். எனக்கே வராது.”

“அப்ப ஒரே படத்துல தேர்ந்த கையும் இருக்கு, முதல் நாள் தப்பும் இருக்கு.”

“ரெண்டு பேர் சேர்ந்து பண்ணியிருக்கலாம்,” என்றான் ரேடியோ.

“இல்ல, ஒருத்தரே பண்ணியிருக்கலாம்,” என்றாள் அண்ணி. வளையத்திடம் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னாள். அவன் குழப்பத்தோடு தலையாட்டி, தன் கம்ப்யூட்டரில் எதையோ திறந்து, இரண்டு மூன்று முறை பேனாவைத் தட்டிவிட்டு அனுப்பினான். “முதலாளி மானிட்டருக்குப் போயிடுச்சு மேடம்.”

“சரி. நீ கீழ போய் ஒரு டீ குடிச்சுட்டு வா. அவசரமே இல்ல.”

*

முதலாளியின் அறை உள்ளே இருந்தது. நரைத்த தலை, வெளுத்த சட்டை, நல்ல களையான முகம். சுவர் முழுக்க அவர் வரைந்த பால்வெளிகள். மானிட்டரோ அலமாரி அகலம்.

“வாங்க மேடம்,” என்று எழுந்து கைகுவித்தார். “எல்லாம் முடிஞ்சுபோச்சே. உங்க ஆள் அன்னிக்கே...” என்று இழுத்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

ரேடியோ அவருடைய மானிட்டரைப் பார்த்தான். அதில் மவுஸ் அம்பு கட்டைவிரல் பருமனுக்கு நின்றது. வேறொரு நாளாக இருந்தால், இந்த அம்பை வைத்து யானை வேட்டைக்கே போகலாம் சார் என்றிருப்பான். இன்று வாய் எழவில்லை.

“ஒரே ஒரு வேலை பாக்கி சார்,” என்றாள் அண்ணி. “சாயங்காலம் போற படம் உங்க ஸ்க்ரீன்ல இருக்கு. கடைசியா ஒருதடவை பார்த்து, சரின்னு சொல்லிடுங்க. கோளரங்கத்துக்கு நான் சொல்லணும்.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டார். மூக்கு மானிட்டரில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். மேகத்தைப் பார்த்தார், கோளைச் சுற்றிய வளையத்தைப் பார்த்தார், கோளை இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை பார்த்தார். பின்னால் நின்ற ரேடியோவின் கண்ணுக்கு, கோளின் இருட்டுப் பக்கத்தில் வளையம் வேண்டுமென்றே தூவிவிட்டிருந்த நட்சத்திரங்கள் கடுகு கொட்டினாற்போல் தெரிந்தன.

முதலாளி நிமிர்ந்தார். “பளிச்சுனு இருக்கு,” என்றார்.

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். அதே சொல். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அம்மா சொல்வாளே, அதே திருப்தியோடு சொன்ன அதே சொல். ‘ஐயோ’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். ‘ஐயோ சார்.’

அண்ணி எழுந்து கதவைச் சாத்தினாள்.

“சார், அந்தக் கோளோட இருட்டுப் பக்கம் முழுக்க நட்சத்திரம் இருக்கு. நான்தான் வெக்கச் சொன்னேன்.”

முதலாளி மறுபடி மானிட்டர் பக்கம் திரும்பினார். கையை நீட்டி, கோளின் கறுப்பு இருந்த இடத்தைத் தொட்டார். தொட்டால் தெரியும் என்பது மாதிரி.

“பெரிசெல்லாம் தெரியுது மேடம்,” என்றார் கடைசியில். “நிறம் தெரியுது, உருவம் தெரியுது. பொடிசுதான் போயிடுச்சு. கண்ணுக்கு உள்ள ஏதோ தேயுதாம், திருப்பிக் கொண்டுவர முடியாதாம். டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்தத் தொழில்ல கண்ணு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, அன்னியோட என் கதை முடிஞ்சுது.”

“விளையாட்டுக் கூடத்துக்குப் படம் போட்டது?”

“நான்தான். உங்க கையால ஒண்ணு போட்டுக் குடுங்கன்னு கேட்டாங்க. யார் துணையும் இல்லாம நானே ஒண்ணு முடிக்க முடியுமான்னு எனக்குப் பார்க்கணும்னு இருந்துச்சு. மேகம் என்னோடது. நட்சத்திரமும் கோளும் போட முடியல, டிரைவ்ல இருந்து எடுத்துக்கிட்டேன். நல்லா வந்துடுச்சுன்னு...” சிரிக்கப் பார்த்தார். “அவ்வளவு சந்தோஷப்பட்டேன் மேடம். கோளரங்கம் திறந்தப்புறம்தான் வெளிய விடணும்னு சொல்லியிருந்தேன். அவங்க முந்திட்டாங்க.”

“அந்தப் பொண்ணைத் திருடின்னு சொன்னப்ப?”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “என்னைப் பார்த்தா. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அப்பவே சொல்லியிருக்கணும். இப்பச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ரெண்டு நாளும் சாப்பாடு இறங்கல. அவகிட்ட சொல்ல வேண்டியதை எல்லாம் தூக்கத்துல சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப அவதான் உங்ககிட்ட சொல்லிட்டாளா? சொல்லட்டும். சொல்ல வேண்டியதுதான்.”

“அவ வாயே திறக்கல சார்.”

“அப்புறம் எப்படி?”

“என் மாமியாருக்குக் கண்ணு தெரியாம இருந்தப்ப, அவங்க கழுவின தட்டை எல்லாம் இவன் ஒளிஞ்சு ஒளிஞ்சு திரும்பக் கழுவியிருக்கான். இன்னிக்கு பஸ்லதான் சொன்னான்.” அண்ணியின் குரல் தணிந்தது. “சார், ஒரு வருஷமா உங்க படத்துல தப்பே வரலியே, எப்படின்னு யோசிச்சீங்களா?”

அவர் ஏறிட்டுப் பார்த்தார்.

“தினமும் எல்லாருக்கும் முன்னாடி அந்தப் பொண்ணு இங்க வந்திருக்கா. விடியறதுக்குள்ள கிளம்பி, சாப்பிடாமகூட. முந்தின நாள் நீங்க முடிச்சுவெச்ச படத்தைத் திறந்து, நீங்க பார்க்காம விட்டதை எல்லாம் ஒண்ணொண்ணா அழிச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி தன் மேஜையில உட்கார்ந்துக்குவா. ஒரே ஒரு படம்தான் அவ கைக்கு வரல. அது பஸ் ஸ்டாப்புல நிக்குது.”

முதலாளி கையில் இருந்த கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். வைத்த இடத்தில் மேஜை இல்லை. ரேடியோ பாய்ந்து பிடித்தான். பிடித்த கண்ணாடியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டான்.

“நான் ஒருத்தன் பண்ணின பாவத்தை...” என்று அவர் ஆரம்பித்தார்.

“ரெண்டு பேர் சார்,” என்றான் ரேடியோ. “நீங்க பேசாம பண்ணீங்க. நான் பேசிப் பண்ணேன்.”

*

முதலாளி முதலில் கோளரங்கத்துக்குப் போன் செய்தார். படத்தை வெளியே கொடுத்தது தானே என்றும், அந்தப் பெண்ணின் பெயரை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கவேண்டும் என்றும், இந்த வேலையைத் தன்னிடம் தொடர்ந்து கொடுப்பதா இல்லையா என்பது அவர்கள் இஷ்டம் என்றும் சொன்னார். எதிர்முனை நீளமாகத் திட்டிவிட்டு, பெயரை மட்டும் திரும்ப வைத்துவிடுவதாகச் சொன்னது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டார். கண்ணைப் பற்றி மட்டும் பேசவில்லை. அடுத்த போன் புள்ளிக்கு.

அவள் வந்தபோது அக்காவும் கூடவே வந்தாள். அக்கா முறைத்த முறைப்பில் ரேடியோ அலமாரியோடு அலமாரியாக ஒட்டிக்கொண்டான். புள்ளி நேரே முதலாளியின் முன்னால் போய் நின்றாள்.

“உனக்குத் தெரியுமாம்மா?” என்றார் அவர்.

“தெரியும் சார்.”

“எப்பலேருந்து?”

“நீங்க என் மேஜையைத் தடவிப் பார்த்து டம்ளரை வெச்ச அன்னிலேருந்து.”

“ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லலியே சார்.”

அவர் தலை குனிந்தது. “அந்தப் படத்துல நிறைய விட்டுட்டேனா?” என்று கேட்டார்.

“கொஞ்சம்தான். நான் இருந்திருந்தா எடுத்திருப்பேன்.” சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் வந்தாள். “மேகம் உங்களைத் தவிர யாருக்கும் வராது சார். இனிமே ஒளிஞ்சு வர மாட்டேன். நீங்க போடுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறேன். ஆனா அன்னிக்கு நீங்க திரும்பிக்கிட்டீங்க பாருங்க, அதை நான் மறக்கறதுக்கு நாளாகும்.”

“ஆகட்டும்மா,” என்றார் முதலாளி. “நானும் மறக்கக் கூடாது.”

புள்ளி தன் மேஜைக்குப் போய் பாட்டிலைத் திறந்து, பழைய தண்ணீரைச் மேஜையோரத் தொட்டிச் செடிக்கு ஊற்றினாள். அப்போதுதான் ரேடியோ அலமாரியைவிட்டு வெளியே வந்தான்.

“நான்...” என்றான். “பஸ் ஸ்டாண்டுல ஒரு விதி உண்டுங்க. மேடையைத் தப்பா அறிவிச்சுட்டா, எத்தனை தடவை தப்பாச் சொன்னமோ அத்தனை தடவை, அதே சத்தத்துல திருத்திச் சொல்லணும். இல்லன்னா ஜனங்க தப்பான வண்டியில ஏறிப் போயிடுவாங்க.”

“அப்ப போய்ச் சொல்லுங்க,” என்றாள் புள்ளி. முகத்தில் சிரிப்பு இல்லை. “எல்லா மாடியிலயும்.”

அண்ணி கைப்பையை மாட்டிக்கொண்டாள். “எங்க ஓரகத்தி தெருவுக்கும் போகச் சொல்லுங்க,” என்றாள் அக்கா பின்னாலிருந்து.

முதலில் பல் ஆஸ்பத்திரி. காத்திருந்த கூட்டத்தின் நடுவில் நின்று ரேடியோ தொண்டையைக் கனைத்தான். “முந்தாநாள் இங்க வந்து, மேல ஸ்டுடியோவுல வேலை பார்க்கற பொண்ணு படத்தைத் திருடிட்டாங்கன்னு சொன்னேன். அது தப்பு. அவங்க திருடல. நான் அவசரப்பட்டுச் சொன்ன பொய் அது.” கன்னம் வீங்கியவர்கள் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். காது மடல்வரை சுட்டது. அடுத்து கூரியர் ஆபீஸ். பார்சல் ஒட்டிக்கொண்டிருந்த பையன்கள் கேலியாகக் கைதட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டான்.

கடைசியில், ஸ்டுடியோவுக்கு நேர் கீழே இருந்த தையல்கடை. மிஷினில் உட்கார்ந்திருந்த அம்மாள் திருத்தத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, மிதியை நிறுத்தினாள். முந்தாநாள் அவனுக்கு நாற்காலி போட்டு, வாய் பிளந்து கேட்டவள் அவள்தான்.

“அவ இல்லன்னா, அப்ப யாருப்பா? உனக்குத் தெரிஞ்சிருக்குமே! சொல்லு, சொல்லு.”

படியில் அண்ணி காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால், இரண்டு படி மேலே, புள்ளி நின்றாள். ரேடியோவின் வாயில் முழுக் கதையும் தயாராக இருந்தது. கண், கோள், விடியற்காலை, எல்லாம். இப்படி ஒரு கதை அவனுக்குத் தொழில் வாழ்க்கையிலேயே கிடைத்ததில்லை.

“அவங்க இல்லம்மா,” என்றான். “அவ்வளவுதான் அறிவிப்பு.”

தையல்காரம்மாள் உதட்டைப் பிதுக்கிவிட்டு மிஷினை மிதித்தாள். ரேடியோ திரும்பியபோது புள்ளி படியில் இல்லை. மேலே ஸ்டுடியோவின் கதவு சாத்தும் சத்தமும், நாற்காலி ஒன்றை இன்னொரு நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போடும் சத்தமும் கேட்டன.